காதுக்குள்ள தண்ணி: பிள்ளைகளின் நடுச்செவி நீரை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"உங்க பையனுக்குக் காதுக்குள்ள தண்ணி இருக்கு" என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னால், நம் வீடுகளில் முதல் சந்தேகம் குளியலறை மேல்தான் விழும். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினது யாரு, நீச்சல் கிளாஸுக்கு அனுப்பினது யாரு, பஞ்சு வைக்காம விட்டது யாரு என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்காரும். ஆனால் டாக்டர் சொல்லும் நீருக்கும் குளித்த நீருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் காதுத் துளை வழியாகப் போய் செவிப்பறையில் முட்டி நின்றுவிடும். ஓட்டை இல்லாத செவிப்பறை ஒரு மூடிய கதவு. அதனால்தான் காதில் விடும் எண்ணெயும் (இன்னும் பல வீடுகளில் பூண்டு போட்டுக் காய்ச்சி விடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம்) அந்தப் பக்கம் போகாது. டாக்டர் சொல்வது கதவுக்கு அந்தப் பக்கம், நடுச்செவியில், உடம்பே ஊறவிட்ட நீர்.

நடுச்செவி என்பது எலும்புக்குள் இருக்கும் சின்ன அறை. அதில் காற்றுதான் இருக்க வேண்டும். செவிப்பறையின் அதிர்வை மூன்று குட்டி எலும்புகள் அந்தக் காற்றறை வழியாக உள்செவிக்குக் கடத்துகின்றன. அறையின் காற்றை அவ்வப்போது புதுப்பிப்பது மூக்கின் பின்பகுதியோடு அதை இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து மூடும். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காதில் "டப்" என்று கேட்கிறதே, அதுதான் அது.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாகவும் நன்றாகச் சரிந்தும் இருக்கும். சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்ட படுக்கைவாட்டத்தில் இருக்கும், திறக்கும் தசையும் இன்னும் தேறியிருக்காது. சளி பிடித்தாலோ, மூக்கின் பின்னால் அடினாய்டு வீங்கியிருந்தாலோ குழாய் திறப்பது குறையும். அறையில் இருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், அழுத்தம் குறையும், செவிப்பறை உள்நோக்கி இழுபடும், சவ்விலிருந்து நீர் ஊறும். முதலில் தண்ணீராக இருப்பது நாள்பட நாள்படக் கோந்து மாதிரி கெட்டியாகலாம். அளவைப் பார்த்தால் ஒரு டீஸ்பூனில் கால் பங்கு தேறினாலே அதிகம்.

இது அபூர்வமான நோயும் இல்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பள்ளிக்கூட வயதை எட்டுவதற்குள் சுமார் 90 சதவீதப் பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது இது வந்து போகிறது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலேயே.

ஏனென்றால் வலிக்காது. சீழ் பிடிக்கும் காது நோய் வேறு. அதில் காய்ச்சல் வரும், பிள்ளை ராத்திரி முழுக்க அழும், செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், அதை யாரும் தவறவிட மாட்டார்கள். நான் எழுதுவது அழுகை இல்லாத, காய்ச்சல் இல்லாத நீரைப் பற்றி. இதன் முக்கிய அடையாளம் இதுதான்: கேட்பது கொஞ்சம் குறையும். சராசரியாக 25 டெசிபெல் அளவுக்கு. அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இரண்டு காதையும் விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு டிவி பாருங்கள். ஏறக்குறைய அந்த நிலைதான். சத்தம் கேட்கும், யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், சொல்தான் பாதி பாதியாக வரும்.

இதில் ஒரு தொல்லை என்னவென்றால், பக்கத்தில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் பிள்ளை சரியாகவே பதில் சொல்லும். வகுப்பில் கடைசி பெஞ்சில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் சொல்லாது. வீட்டில் "நல்லாத்தானே கேக்குது" என்பார்கள், பள்ளியில் "கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்பார்கள். இரண்டும் உண்மைதான். போதாததற்கு நீர் ஏறி இறங்கும். இந்த வாரம் மந்தம், அடுத்த வாரம் தெளிவு. "வேணும்னே காதுல வாங்காம இருக்கான்" என்று முடிவு கட்ட வேறென்ன வேண்டும்?

தமிழைப் பொறுத்தவரை எனக்கு ஒரு சின்ன எண்ணம் உண்டு. நம் வாக்கியத்தில் யார், எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. பேச்சில் அந்த வால்தான் முதலில் தேயும். "வந்தான்", "வந்தாள்" இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மூக்கில் லேசாக ஒலிக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். விரல் அடைத்த காதுக்கு அது போய்ச் சேருமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வலி இல்லை, வெளியே ஒழுகவில்லை, பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் நீர் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பார்த்தால் தெரியாதா என்றால், சில சமயம் தெரியும். ஓட்டோஸ்கோப் என்ற விளக்கு வைத்த கருவியால் பார்க்கும்போது செவிப்பறை நீர்க்கோடோடு, உள்ளே காற்றுக் குமிழியோடு தெரிந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பல பிள்ளைகளுக்கு அப்படித் தெளிவாக இருக்காது. செவிப்பறை கொஞ்சம் மங்கலாக இருக்கும், கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். சிவப்பாக இருந்தால்? பிள்ளை டாக்டரைப் பார்த்து அழுதாலே செவிப்பறை சிவந்துவிடும். நிறத்தை நம்பி முடிவெடுத்தால் நீர் இருப்பவனை விட்டுவிடவும், இல்லாதவனுக்கு மருந்து கொடுக்கவும் சம வாய்ப்பு உண்டு.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. கேள்வியை மாற்றிவிட்டார்கள். "எப்படி இருக்கிறது?" என்று பார்ப்பதை விட்டுவிட்டு "அசைகிறதா?" என்று பார்த்தார்கள். பின்னால் காற்று இருந்தால் செவிப்பறை லேசாக ஊதினாலே உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். பின்னால் நீர் இருந்தால் அசையாது, அல்லது சோம்பலாக அசையும். 1864-ல் எமில் சீகிள் என்ற ஜெர்மானிய டாக்டர், காதுக்குள் காற்றை அழுத்திக்கொண்டே பார்க்கிற மாதிரி ஒரு கருவி செய்தார். இன்றும் அதே யோசனைதான்: ஓட்டோஸ்கோப்போடு ஒரு சின்ன ரப்பர் பல்பு. டாக்டர் காதை அடைத்தபடி பல்பை மெல்ல அமுக்கி விடுவார், செவிப்பறை ஆடுகிறதா என்று பார்ப்பார்.

சொற்ப விலைக் கருவி. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பழகிய கை செய்தால் நீர் உள்ள காதுகளில் 94 சதவீதத்தைக் கண்டுபிடிக்கிறது. நீர் இல்லாத காதுகளில் 80 சதவீதத்தைச் சரியாக "இல்லை" என்கிறது. 2016 வழிகாட்டி முதல் பரிசோதனையாகச் சொல்வதும் இதைத்தான். இருந்தும் எத்தனை கிளினிக்கில் அந்த ரப்பர் பல்பைப் பார்த்திருக்கிறீர்கள்? காதில் குறும்பி இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும், காதுத் துளை முழுக்க அடைபட வேண்டும், பிள்ளை திமிறக் கூடாது, டாக்டருக்குப் பழக்கம் வேண்டும். வெளியே நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது இதெல்லாம் நடப்பது கஷ்டம்.

மனிதக் கண்ணுக்குப் பதிலாக ஒரு மெஷின் அந்த அசைவை அளந்தால் என்ன? அதுதான் டிம்பனோமெட்ரி. போன வருடம் என் பெரியம்மா மகள் வாட்ஸாப்பில் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பி, "நீதான் கிராஃபெல்லாம் பாத்துக்கிட்டே இருப்பியே, இதுல டைப் பி-னு போட்டிருக்கு, என்னடா அர்த்தம்?" என்று கேட்டார். அந்தத் தாளைப் படித்துப் பார்க்க உட்கார்ந்ததில்தான் இந்தக் கட்டுரையே பிறந்தது. நான் டாக்டர் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கிராஃப் என்றால் கிராஃப்தானே.

காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். அந்த முனைக்குள் மூன்று துளைகள். ஒன்றில் ஸ்பீக்கர், ஒன்றில் மைக், ஒன்றில் காற்றுப் பம்பு. ஸ்பீக்கர் 226 ஹெர்ட்ஸில் ஒரே சீரான ஓசையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பம்பு காதுக்குள் அழுத்தத்தை +200 டெகாபாஸ்கலில் ஆரம்பித்து மைனஸ் பக்கம் வரை இறக்கும். மைக் ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கும்: கொடுத்த ஓசையில் எவ்வளவு திரும்பி வருகிறது?

+200-ல் செவிப்பறை உள்ளே அழுந்தி விறைப்பாக நிற்கும். ஓசை உள்ளே போகாது, திரும்பி வரும். அழுத்தம் குறையக் குறையச் செவிப்பறை தளரும், ஓசையை உள்ளே வாங்கும். இரண்டு பக்க அழுத்தமும் சமமாகும் புள்ளியில் அதிகபட்சம் வாங்கும். அதற்கும் கீழே போனால் வெளிப்பக்கம் இழுபட்டு மறுபடி விறைக்கும். செவிப்பறை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை வரைந்தால் நடுவில் ஒரு மலை வரும். செவிப்பறைக்குப் பின்னால் என்ன அழுத்தம் இருக்கிறது என்று நேரடியாக அளக்க வழியில்லாத இடத்தில், முன்பக்கத்து அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போய் எங்கே சமமாகிறது என்று பிடித்துவிடுகிறார்கள். என்ன அழகான யோசனை! 1946-ல் ஓட்டோ மெட்ஸ் காது ஒலியை எவ்வளவு ஏற்கிறது என்று அளந்து காட்டினார். 1959-ல் டெர்கில்ட்சன், தாம்சன் இருவரும் அழுத்தத்தை மாற்றி மாற்றி அளந்தார்கள். இரண்டுமே டென்மார்க்கில் நடந்த வேலை.

ஏன் 226 ஹெர்ட்ஸ் என்ற வினோதமான எண்? கடல் மட்டத்தில் அந்த அதிர்வெண்ணில் 1 மி.லி. காற்று ஒலிக்குக் கொடுக்கும் இடம் சரியாக ஒரு யூனிட் ஆக வருகிறது. அதனால் மெஷின் தன் அளவுகளை நேரடியாக மி.லி. கணக்கில் அச்சடிக்க முடிகிறது. யூனிட் மாற்றும் வேலையே வராத மாதிரி டிசைன் செய்திருக்கிறார்கள். இன்னொரு முக்கிய விஷயம்: ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இந்த 226 சரிப்படாது. காதுத் துளையின் சுவரே மெத்தென்று இருப்பதால் சுவர் ஆடுவதைச் செவிப்பறை ஆடுவதாக மெஷின் எடுத்துக்கொண்டு, நீர் இருக்கும்போதே "நார்மல்" என்று சொல்லிவிடலாம். அவர்களுக்கு 1000 ஹெர்ட்ஸில் பார்க்க வேண்டும்.

1970-ல் ஜேம்ஸ் ஜெர்கர் என்ற அமெரிக்கர் இந்தக் கோடுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மலை இருந்தால் ஏ, நார்மல். மலை இருக்கிறது ஆனால் மைனஸ் பக்கம் நகர்ந்திருந்தால் சி: அறைக்குள் அழுத்தம் குறைந்திருக்கிறது, குழாய் சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். மலையே இல்லாமல் தட்டையாக இருந்தால் பி.

இப்போது பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம். டைப் பி என்றால் நீர் என்று நேராக முடிவு கட்டிவிட முடியாது. அது "செவிப்பறை அசைந்ததாகத் தெரியவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் அசையவில்லை என்பதற்கு அதே தாளில் இன்னொரு எண் இருக்கும், காதுத் துளையின் கொள்ளளவு. சிறு பிள்ளைகளுக்கு இது சுமார் 0.4 முதல் 1 மி.லி. வரை இருக்கும். கோடு தட்டை, கொள்ளளவு மிகக் குறைவு என்றால் குறும்பி அடைத்திருக்கிறது, அல்லது முனை காதுச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி எடுக்க வேண்டும். கோடு தட்டை, கொள்ளளவு மிக அதிகம் என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, மெஷின் நடுச்செவியையும் சேர்த்து அளந்துவிட்டது. கோடு தட்டை, கொள்ளளவு சரியாக இருக்கிறது என்றால்தான் பின்னால் நீர் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் தொழிலில் சொன்னால் இரண்டு வரி இஃப்-எல்ஸ். ஆனால் அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் "டைப் பி, உள்ளே நீர்" என்று சொல்லிவிட்டால், குறும்பி எடுத்தாலே சரியாகியிருக்க வேண்டிய பிள்ளைக்கு வேறு வைத்தியம் நடக்கும். என் அக்காவின் தாளில் கொள்ளளவு 0.6 இருந்தது, குறும்பியும் இல்லை. டாக்டர் சொன்னது சரிதான்.

டிம்பனோமெட்ரிக்கு ஒரு மெஷின் வேண்டும், கொஞ்சம் விலை அதிகம், அதைச் சரியாக வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதனால் "காதை அடைக்காமல், பம்பு இல்லாமல், வெறும் ஒலியை வைத்தே சொல்ல முடியாதா?" என்ற கேள்வி ரொம்ப நாளாக இருக்கிறது. 1984-ல் டீல் என்ற ஆய்வாளர்கள் ஒரு கையடக்கக் கருவியை வைத்து முயன்று பார்த்தார்கள். காது வாசலில் இருந்து பல அதிர்வெண்களில் ஓசையை உள்ளே அனுப்புகிறோம். அது செவிப்பறையில் பட்டுத் திரும்புகிறது. போகும் அலையும் வரும் அலையும் மைக் இருக்கும் இடத்தில் சந்திக்கின்றன. மைக்குக்கும் செவிப்பறைக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். 2.5 செ.மீ. என்று வைத்தால், வினாடிக்கு 343 மீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 3,430 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த இடத்தில் கிராஃபில் ஒரு பள்ளம் விழும்.

செவிப்பறை நன்றாக அசைந்தால் ஓசையில் ஒரு பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும், திரும்பி வருவது பலவீனம், அழிப்பதும் அரைகுறை, பள்ளம் ஆழமில்லாமல் அகலமாக இருக்கும். பின்னால் நீர் இருந்தால் செவிப்பறை சுவர் மாதிரி, வந்ததைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும், பள்ளம் ஆழமாகவும் கூர்மையாகவும் விழும். பள்ளத்தின் வடிவமே நோயறிதல்.

2019-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதையே ஒரு சாதாரண ஸ்மார்ட்போனில் செய்தார்கள். ஜஸ்டின் சான், ஷரத் ராஜு, ராஜலட்சுமி நந்தகுமார், ராண்டல் ப்ளை, ஷியாம் கொல்லகோட்டா எழுதிய கட்டுரை. (கொல்லகோட்டா சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர்.) போனுக்கு வெளியே வேண்டியது ஒரு துண்டுக் காகிதம் மட்டும். கடலை மடிக்கும் கூம்பு மாதிரி சுற்றி ஸ்பீக்கர், மைக் மேல் ஒட்டி, முனையைக் காதில் வைக்கிறார்கள். 150 மில்லிவினாடி நீளமுள்ள, பறவைக் கீச்சு மாதிரி ஒரு ஓசை, 1.8-லிருந்து 4.4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். திரும்பி வருவதை ஒரு மெஷின் லேர்னிங் மாடல் படிக்கிறது.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது மாடல் இல்லை, விடைத்தாளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. நீர் இருக்கிறதா இல்லையா என்பதற்கு நூறு சதவீத விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கும்: அறுவை மேஜையில், செவிப்பறையில் சின்னதாகக் கீறிப் பார்க்கும்போது. காதில் குழாய் வைக்க வந்த பிள்ளைகளையும், டான்சில் மாதிரி வேறு அறுவைக்கு வந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, போனால் 98 காதுகளைப் பரிசோதித்தார்கள். குழாய் வைக்கும் பிள்ளைகளின் காதில் கீறியபோது டாக்டர் கண்ணால் பார்த்ததுதான் விடை. இன்னொரு மெஷின் சொன்னதை விடையாக வைத்திருந்தால், அந்த மெஷினின் தப்பையும் சேர்த்துக் கற்றிருக்கும்.

முடிவு: நீர் உள்ளதில் 85 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாததில் 82 சதவீதத்தைச் சரியாக விட்டது. காகிதக் கூம்புக்கு அபாரம்தான். ஆனால் இந்த எண்களை அப்படியே ஒரு பள்ளி முகாமுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 100 பிள்ளைகள், அதில் 20 பேருக்கு நீர் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 20-ல் 17 பேரைப் பிடிக்கும். மீதி 80 பேரில் 18 சதவீதம், அதாவது சுமார் 14 பேருக்குத் தப்பாக அலாரம் அடிக்கும். ஆக 31 பேருக்கு "நீர் இருக்கு" என்று வரும், அதில் நிஜம் 17. ஏறக்குறைய பூவா தலையா. ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு நீர் இருக்கும் கூட்டத்தில் நன்றாக வேலை செய்யும் அதே கருவி, வெளியே வந்ததும் இப்படி ஆவதற்குக் கருவி காரணம் இல்லை. யாரைச் சோதிக்கிறோம் என்பது விடையை மாற்றுகிறது. சும்மா எல்லோர் காதிலும் வைத்துப் பார்ப்பதற்கும், "கொஞ்ச நாளா கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்ல" என்று அம்மா கவலைப்படும் பிள்ளைக்கு வைத்துப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

நீர் இருப்பது உறுதியாகிவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்? இந்த விடை பல பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கும்: பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் என்பது சும்மா வந்த எண் இல்லை. அதே டீல் தன் சகாக்களோடு 1980-ல் பாஸ்டனில் வெளியிட்ட ஆய்வில், காதில் தொற்று வந்து ஆறிய பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வாரத்தில் 70 சதவீதம் பேருக்கு நீர் மிச்சம் இருந்தது. ஒரு மாதத்தில் 40, இரண்டு மாதத்தில் 20, மூன்று மாதத்தில் 10. மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ பாதியாகிறது. முதல் வாரத்திலேயே பார்த்து மருந்து கொடுத்தால், மருந்தால் சரியானதா தானாகச் சரியானதா என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்துக்குத்தான் பெயர் போகும். அதனால்தான் வலியோ தொற்றோ இல்லாத இந்த நீருக்கு ஆன்டிபயாட்டிக், அலர்ஜி மாத்திரை, மூக்கடைப்பு மருந்து, ஸ்டீராய்டு எதுவும் வேண்டாம் என்று 2016 வழிகாட்டி திட்டவட்டமாகச் சொல்கிறது. நம்மூரில் ஒரு சிரப்பாவது எழுதாமல் அனுப்பினால் "இவர் சரியா பாக்கல" என்று அடுத்த டாக்டரிடம் போகிறோம், அது தனிக் கதை.

"மூன்று மாதம் பிள்ளைக்குச் சரியாகக் கேட்காமல் இருந்தால் பேச்சு பாதிக்காதா?" என் அக்கா கேட்டதும் இதைத்தான். இதற்குப் பிட்ஸ்பர்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் தலைமையில் ஒரு பெரிய வேலை நடந்தது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத 6,350 ஆரோக்கியமான குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வயது வரை அவ்வப்போது காதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நீர் விடாமல் தங்கிய 429 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே குழாய் வைத்தார்கள். மறு பாதிக்கு ஒன்பது மாதம் வரை காத்திருந்து, அதற்கப்புறமும் நீர் இருந்தால் மட்டும். 2001-ல் வந்த முடிவு: மூன்று வயதில் பேச்சு, மொழி, அறிவு, நடத்தை எதிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. 9 முதல் 11 வயதில் மறுபடி சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். அப்போதும் இல்லை. காத்திருந்த கூட்டத்தில் பல பிள்ளைகளுக்குக் குழாய் தேவைப்படவே இல்லை.

இதை வைத்து "அப்போ கண்டுபிடிக்கவே வேண்டாமே" என்று போய்விடக் கூடாது. பாரடைஸின் ஆய்வில் இருந்தவர்கள் வேறு குறை இல்லாத பிள்ளைகள். அண்ணப் பிளவு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், ஏற்கெனவே காது கேட்பதில் நிரந்தரக் குறை உள்ளவர்கள், பேச்சு தாமதமானவர்கள், பார்வைக் குறை உள்ளவர்கள், இவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஏற்கெனவே சுமை சுமப்பவனுக்கு 25 டெசிபெல் வேறு எடை. அவர்களை முதலிலேயே, அடிக்கடி பார்க்கச் சொல்கிறார்கள். செவிப்பறை உள்ளே ஒட்டி உருக்குலைய ஆரம்பித்திருந்தாலும் காத்திருப்பது கிடையாது. பிறந்த குழந்தைக்குச் செய்யும் காது பரிசோதனையில் தேறவில்லை என்றால் "நீர்தான் இருக்கும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போகாமல் விடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. பெரியவர் ஒருவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் வந்து போகாமல் நின்றால் அது முற்றிலும் வேறு விவகாரம், மூக்கின் பின்புறத்தில் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

மூன்று மாதம் தாண்டியும் இரண்டு காதிலும் நீர் இருந்தால் அடுத்து வருவது ஆடியோமெட்ரி, அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது. டிம்பனோமெட்ரி நீரைச் சொல்லும், கேட்கும் திறனைச் சொல்லாது. இரண்டு பிள்ளைகளின் தாளிலும் ஒரே மாதிரி தட்டைக் கோடு இருக்கலாம், ஒருவனுக்கு 15 டெசிபெல் இழப்பு, இன்னொருவனுக்கு 40 இருக்கலாம். அந்த எண்ணையும் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பதையும் வைத்துத்தான் கிராமெட் எனப்படும் குட்டிக் குழாயை வைப்பதா என்று முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954-ல் பிளாஸ்டிக்கில் செய்து பரவலாக்கியது அது. அது நீரை உறிஞ்சுவதற்காக இல்லை, யூஸ்டேஷியன் குழாய் செய்ய வேண்டிய காற்று வேலையைச் செவிப்பறை வழியாகச் செய்கிறது. சுமார் ஒரு வருடத்தில் தானாக விழுந்துவிடும். நான்கு வயதுக்கு மேல் என்றால் அடினாய்டையும் சேர்த்து யோசிப்பார்கள்.

காத்திருக்கும் மாதங்களில் செய்யக்கூடியவை எல்லாமே இலவசம். கூப்பிடும் முன் பக்கத்தில் போய், முகம் தெரிகிற மாதிரி நின்று பேசுவது. பேசும்போது டிவியை அணைப்பது. டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி முன் பெஞ்சில் உட்கார வைப்பது, இது ஒன்றே பெரிய வித்தியாசம் செய்யும். வீட்டில் யாராவது புகை பிடித்தால் பிள்ளை இருக்கும் இடத்தில் பிடிக்காமல் இருப்பது.

அக்கா பையனுக்கு மூன்றரை மாதம் கழித்து எடுத்த தாளில் வலது காதில் மலை திரும்பியிருந்தது, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் இடது பக்கமாக. இடது காது இன்னும் தட்டைதான். ஆடியோமெட்ரியில் பெரிய இழப்பு இல்லை என்பதால் டாக்டர் இன்னும் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பழைய தாளையும் கொண்டு வரச் சொன்னாராம், எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. பல கிளினிக்குகளில் பில் மெஷினில் வருவது மாதிரி சூட்டில் அச்சாகும் தாள்தான் வரும், சில மாதத்தில் மங்கிவிடும். வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பிய படம் இருந்ததால் தப்பித்தது. தாள் கையில் வந்த அன்றே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.